சாய்ந்த சிங்கம்

ஒரு பத்து ரூபாய் நாணயத்தை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கியவன் நான். கடையில் பேரம் பேசுகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூட இறங்கமாட்டேன் என்று எனக்குப் பெயர் உண்டு. அதனால் இந்தக் கதையை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. மேஜைக்கு மேஜை சோழர் காசு, டச்சுக் காசு, ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய். நான் போய் நின்றது ஓரத்தில் இருந்த மேஜையில். அங்கேதான் எரர் காயின்கள், அதாவது நாணயச்சாலையில் தப்பாக அடிபட்ட நாணயங்கள், கிடந்தன. அச்சு விலகியவை, ஓரம் கடிபட்டவை, ஒரு பக்கம் மொழுக்கென்று ஒன்றுமே இல்லாதவை. வியாபாரி ஒரு அட்டைச் சட்டத்தை எடுத்து நீட்டினார். உள்ளே பத்து ரூபாய். மஞ்சள் வளையத்தில் ஒரு பக்கம் இந்தியில் பாரத், மறுபக்கம் ஆங்கிலத்தில் இந்தியா, இரண்டும் சரியான இடத்தில் இருந்தன. நடுவில் வெள்ளை வட்டத்துக்குள் இருந்த சிங்கத் தூண் மட்டும் தண்ணி போட்ட ஆள் மாதிரி வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

“மிண்ட் எரர் சார். லட்சத்துல ஒண்ணு” என்றார். 2,500 சொன்னார். அரை மணி நேரம் பேசி 1,500-க்கு முடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் ஒரு அண்ணாச்சி. வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில்லறை மூட்டையைத் தூக்கும்போதே ஒன்றிரண்டு குறைந்தால் தெரியும் என்பார். அதை நான் முழுசாக நம்பியதில்லை. மறுநாள் காலையில் நாணயத்தை அவர் கையில் கொடுத்தேன். லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

“தம்பி, இந்தப் பக்கத்துக்கு அச்சு எத்தனை?”

“ஒண்ணுதான் அண்ணாச்சி.”

“சிங்கத்தை அடிச்சது?”

“அந்த அச்சுதான்.”

“ஓரத்துல பாரத்னு அடிச்சது?”

சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பதில் அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது.

“ஒரே அச்சுல இருக்குத சிங்கம் மட்டும் எப்படி தம்பி தனியாச் சாயும்?”

இரண்டு உலோக நாணயம் எப்படி உருவாகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நான் அந்த மேஜையிலேயே சிரித்திருப்பேன். துளை போட்ட ஒரு வளையம், அந்தத் துளைக்கு அளவான ஒரு நடுவில்லை. இரண்டுமே வெறும் உலோகம். எழுத்தும் கிடையாது, படமும் கிடையாது. வில்லை வளையத்துக்குள் உட்கார்ந்ததும் அச்சுகள் மேலும் கீழும் மோதுகின்றன. அந்த அடியில்தான் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அந்த அடியில்தான் படமும் விழுகிறது. வில்லை கோணலாக உட்கார்ந்து வளையத்தின்மேல் ஏறிப்போகலாம், வில்லையே இல்லாமல் ஓட்டை வளையம் மட்டும் அடிபட்டு வரலாம், இதெல்லாம் நடப்பதுதான். ஆனால் அப்போதும் சிங்கத்துக்கும் எழுத்துக்கும் இடையில் இருக்கிற உறவு மாறாது. உண்மையான பிழையில் உலோகம் இடம் மாறும், படம் மாறாது. என் நாணயத்தில் உலோகம் ஒழுங்காக இருந்தது, படம் மாறியிருந்தது. யாரோ நடுவில்லையைத் தட்டிக் கழற்றி, கொஞ்சம் திருப்பி, மறுபடி அழுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். பிறகு லென்ஸில் பார்த்தபோது இணைப்பை ஒட்டிச் சின்னச் சின்னக் கீறல்கள் தெரிந்தன. தராசில் வைத்தால் 7.71 கிராம், சரியான எடை. எடை எப்படிக் குறையும், எதையும் வெளியே எடுக்கவில்லையே.

இதே வேலையில் இன்னொரு வகையும் சந்தையில் உண்டு. நடுவில்லையைக் குப்புறக் கவிழ்த்துப் பொருத்திவிடுவார்கள். சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் ரூபாய்க் குறி வந்து நிற்கும். பார்த்ததும் பிரமிப்பாக இருக்கும். அதற்கும் அண்ணாச்சியின் அதே கேள்விதான்: அச்சு எத்தனை?

அவர் பிழை நாணயங்களை நல்லது, போலி என்று பிரிக்கமாட்டார். “உள்ள நடந்ததா, வெளிய நடந்ததா?” என்றுதான் கேட்பார். உள்ளே என்றால் நாணயச்சாலைக்குள். நம் நாட்டில் அது நான்கு இடங்களில் இருக்கிறது: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. (சென்னையிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1869-ல் மூடிவிட்டார்கள், தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது.) ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இந்தக் குறிகளையே பிழை என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. “அண்ணே, இதுல புள்ளி விழுந்திருக்கு, என்ன விலை போகும்?” என்பார்கள். ரெண்டு ரூபாய் போகும் அக்கா.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் போலிகள் உதிர்ந்துவிடும். நீளமான உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள், பூரி மாவைத் தேய்த்து டம்ளரால் வெட்டுகிற மாதிரி. அப்புறம் ஓரத்தை நெருக்கி விளிம்பைத் தூக்கிவிடுகிறார்கள். சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள், கழுவுகிறார்கள். கடைசியில் அச்சு. அடிபடும்போது உலோகம் பிதுங்கி வெளியே ஓடிவிடாமல் இருக்க ஒரு வளையம் அணைகட்டி நிற்கும், காலர் என்பார்கள். இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தப்பு உண்டு, அந்தத் தப்புக்கு ஒரு கைரேகையும் உண்டு.

வெட்டுகிற இடத்தில் பட்டை சரியாக நகரவில்லை என்றால், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் அடுத்த வெட்டு கொஞ்சம் விழும். அப்போது வருவதுதான் கிளிப், யாரோ கடித்த மாதிரி ஓரத்தில் பிறை வடிவ இழப்பு. ஆரம்பத்தில் எல்லாரும் வாங்குகிற பிழை இது. அரம் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம் என்பதால், ஆரம்பத்தில் எல்லாரும் ஏமாறுகிற பிழையும் இதுதான்.

கிளிப்பைச் சோதிக்கக் கடிபட்ட இடத்தைப் பார்த்தால் போதாது, அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். காரணம் எளிது. விளிம்பு தூக்குகிற இயந்திரத்தில் வில்லை இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு உருண்டுகொண்டே போகும். கடிபட்ட பகுதி ஒரு பக்கம் வரும்போது அங்கே தாங்குவதற்கு உலோகம் இல்லை. அதனால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு எழும்பாமல் மழுங்கிப்போகும். சேகரிப்பாளர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். எல்லா நல்ல கிளிப்பிலும் இது பளிச்சென்று தெரிவதில்லை, சின்னக் கடியில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரிய கடி, எதிர் விளிம்பு கெட்டியாகக் கூராக இருக்கிறது என்றால் நான் கீழே வைத்துவிடுவேன். இன்னொன்று, கடிபட்ட வில்லையில் அச்சு விழும்போது உலோகம் அந்த வெற்றிடத்தை நோக்கி ஓடும். பக்கத்து எழுத்துகள் கொஞ்சம் இழுபட்டுச் சோர்ந்து தெரியும். அரத்தால் ராவிய நாணயத்தில் எழுத்து முழு அழகோடு வந்து, கத்தியால் அறுத்தது போல நடுவில் நின்றுவிடும்.

காலர் நழுவினால் நாணயம் பரந்து விரியும். இதைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். சின்ன வயதில் மேலப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் காசை வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருந்திருக்கிறோம். ரயில் ஏறிய காசும் விரிந்துதான் போகும். ஆனால் அதில் படம் நீட்டி இழுத்த மாதிரி, சூட்டில் உருகிய மாதிரி இருக்கும். காலர் நழுவிய நாணயத்தில் படம் தன் அளவிலேயே தெளிவாக நிற்கும், அதைச் சுற்றி வெற்று உலோகம் வழிந்திருக்கும். படம் முதலில் விழுந்து பிறகு உலோகம் நசுங்கியதா, உலோகம் ஓடும்போதே படம் விழுந்ததா? அவ்வளவுதான் கேள்வி.

எனக்கு மிகவும் பிடித்த பிழை புரோக்கேஜ். ஒரு நாணயம் அடிபட்டதும் வெளியே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லை வருகிறது. கீழ் அச்சு அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. மேலே இருப்பது அச்சு இல்லை, ஒட்டிக்கொண்ட நாணயத்தின் அடிப்பக்கம். அதுவும் கீழ் அச்சில் பிறந்த படம்தான். ஆக இரண்டாவது நாணயத்தில் இரு பக்கமும் ஒரே படம்: ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் பள்ளமாகவும் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைகீழ் திசையிலும். பூவா தலையா போட்டால் எப்படி விழுந்தாலும் தலை, ஆனால் ஒரு தலை உள்வாங்கிய தலை. ஒரு ரூபாயில் அப்படி ஒன்றை அண்ணாச்சி வைத்திருக்கிறார். பள்ளத்தில் இருக்கும் சிங்கத்தை விளக்கொளியில் லேசாகச் சாய்த்தால் சட்டென்று மேடு மாதிரி எழுந்து வரும். அந்தக் கண்கட்டு வித்தையைக் காட்டுவதற்காகவே அவர் யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன்.

போலி செய்கிறவர்கள் இரண்டு நாணயங்களைச் சேர்த்துப் பட்டறை வைஸில் இறுக்கிவிடுவார்கள். பள்ளமான படம் விழுந்துவிடும். ஆனால் அவர்கள் அநேகமாக ஒரு தப்பு செய்வார்கள்: எந்தப் படம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று யோசிப்பதில்லை. ஒரு பக்கம் மேடாகச் சிங்கம், மறுபக்கம் பள்ளமாக மதிப்பு எண் என்று இருந்தால் மேலே சொன்ன கதை பொருந்தாது. யோசித்துச் செய்திருந்தாலும், முன்பே இருந்த படத்தின் நிழல் பள்ளத்துக்கு அடியில் மிச்சம் இருக்கும். வைஸின் பல் பட்ட மறுபக்கம் தட்டையாகியிருக்கும். நான் ஒருமுறை இதைக் கண்டுபிடித்து ஒரு வியாபாரியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அமைதியாக அதை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆளுக்கு எடுத்து நீட்டியிருப்பார்.

வீட்டில் யாரும் உடனே பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. சிங்கம் நேராக நிற்கும்படி நாணயத்தை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவது போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் நாணயங்களில் பின்பக்கமும் நேராக வர வேண்டும். குறுக்காகவோ தலைகீழாகவோ வந்தால் அச்சு தன் இருக்கையில் சுழன்றிருக்கிறது என்று அர்த்தம், டை ரொட்டேஷன். கொஞ்சம் சாய்ந்திருந்தால் யாரும் சீண்டமாட்டார்கள். முழுக்கத் தலைகீழ் என்றால் எடுத்து வையுங்கள். வெளியே இதைச் செய்ய வேண்டுமானால் இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒட்டத்தான் முடியும். அப்போது விளிம்பின் உட்புறம் ஒரு மெல்லிய கோடு ஓடும், தரையில் போட்டால் ‘டிங்’ வராது, ‘டக்’ என்று செத்த சத்தம் வரும்.

கல்லாவுக்கு அடியில் நான் ஒரு சின்னத் தராசும் ஒரு காந்தமும் வைத்திருக்கிறேன். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், காந்தத்தில் ஒட்டும். அதே காலத்துப் பதினொரு முனை இரண்டு ரூபாய் செம்பு நிக்கல், 6 கிராம், ஒட்டாது. 2011-ல் ரூபாய்க் குறியோடு வந்த இரண்டு ரூபாய் மறுபடியும் 4.85 கிராம், பழைய ஒரு ரூபாயின் எடையை அப்படியே வாங்கிக்கொண்டது. ஒரு மதிப்பின் வில்லையில் இன்னொரு மதிப்பின் அச்சு விழுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கு கையில் இல்லாமல் பேசவே முடியாது.

காந்தத்தின் பெருமையை அமெரிக்கர்களிடம்தான் கேட்க வேண்டும். 1943-ல் செம்பு போருக்குப் போய்விட்டதால் அவர்களுடைய ஒரு சென்ட்டை எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் செம்பு வில்லைகள் சில எங்கோ தங்கிப்போய் அவற்றிலும் 1943 விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த நாட்டில் எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசாத கில்லாடி இல்லை. காந்தத்தில் ஒட்டினால் முலாம். ஒட்டாவிட்டாலும் சந்தோஷப்பட முடியாது, 1948-ன் எட்டை ராவி மூன்றாக்கியதாக இருக்கும்.

இதையெல்லாம் விட என் கடைக்கு அதிகம் வருவது பிழையே இல்லாத நாணயங்கள்தான். வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறார்களாம் என்று போனில் வீடியோவைக் காட்டுவார்கள். அது லட்சக்கணக்கான பேர் கையில் இருக்கும் நினைவு நாணயம். முதலில் கொஞ்சம் ‘கமிஷன்’ கட்டச் சொல்லி அந்த வீடியோக்காரர்களே நம்மிடம் பணம் கேட்பார்கள், அதுதான் தொழில். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இப்படிக் கறந்ததால், நாங்கள் யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் வங்கியே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

பத்து ரூபாயின் கதை இன்னும் வேடிக்கை. மேலே பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்று ஒரு வதந்தி. 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியும் எங்கள் பக்கம் பல கடைகளில் வாங்கமாட்டேன் என்றார்கள். என் சாய்ந்த சிங்கத்தை ஒருநாள் விளையாட்டாக டீக்கடையில் நீட்டினேன். கடைக்காரர் சிங்கத்தைப் பார்க்கவே இல்லை. “பத்து ரூபா காயின் வேண்டாம்ணே, நோட்டு இருந்தா குடுங்க” என்றார்.

வடிவத்தில் இருக்கும் குறையும் நாணயச்சாலைப் பிழை ஆகாது. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் வந்தபோது, அவர் அங்கியில் இருந்த சின்ன யானையின் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள். 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு 1912-ல் தும்பிக்கையை நீட்டி வேறு அச்சு போட்டார்கள். பன்றி ரூபாய் என்று இன்றும் நல்ல விலை போகிறது. ஆனால் அதில் இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வரைந்ததை அது அப்படியே அடித்தது. அண்ணாச்சி இதைத் தன் எரர் ஆல்பத்தில் சேர்க்கவே மாட்டார்; பக்கத்து ஆல்பத்தில் வைத்திருக்கிறார்.

பிரிட்டனின் ஆண்டில்லாத 20 பென்ஸ் வேறு ரகம். 2008-ல் வடிவத்தை மாற்றியபோது ஆண்டைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் கொண்டுவந்தார்கள். புதிய பின் அச்சோடு பழைய முன் அச்சு தவறிச் சேர்ந்துவிட்டது. இரண்டிலுமே ஆண்டு இல்லை. இரண்டு அச்சும் தனித்தனியே குற்றமற்றவை, சேர்க்கைதான் தப்பு. மியூல் என்று பெயர், கோவேறு கழுதை.

இப்போது பலர் நாணயத்தை அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பி, சோதித்து, எண் போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வாங்குகிறார்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும்தான் அதில் பெரியவை. விலை உயர்ந்த பொருளுக்கு அது சரி. பெட்டியிலேயே போலி வருகிறது என்பதால் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என்னுடையது நூறு, இருநூறு, மிஞ்சினால் ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. அனுப்புகிற செலவுக்கே இன்னும் நாலு நாணயம் வாங்கிவிடுவேன். அதைவிட, பெட்டிக்குள் போய்விட்டால் விளிம்பைத் தடவிப் பார்க்க முடியாது. எனக்கு அதில் பாதி சுகம் போய்விடும்.

போன ஆடி மாதம், ராத்திரி கல்லாவை எண்ணும்போது ஒரு இரண்டு ரூபாய் விரலில் இடறியது. ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு கடி. தராசில் 4.56 காட்டியது. லென்ஸை வைத்து எதிர்ப் பக்கத்தைப் பார்த்தேன். கடிக்கு நேர் எதிரே விளிம்பு கரைந்து, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்படியே அண்ணாச்சி வீட்டுக்கு நடந்தேன். மணி பத்தரை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து திண்ணை விளக்கைப் போட்டார். இந்த முறை லென்ஸை எடுத்தார். கடியைப் பார்க்கவில்லை. எதிர் விளிம்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாரு குடுத்தா?”

“தெரியல அண்ணாச்சி. சாயங்காலம் பால் வாங்க வந்த கூட்டத்துல யாரோ.”

நாணயத்தைத் திருப்பி என் கையில் வைத்து விரல்களை மூடினார். “காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்று உள்ளே போனார்.